மாடியில் அடேனியம்: உறங்க விட்டு, எழுப்பி, பூக்க வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மார்கழியில் ஒரு காலை மாடிக்குப் போனால், ஐப்பசி வரை பச்சையாக நின்ற அடேனியம் மொட்டைக் குச்சியாக நிற்கும். தொட்டியைச் சுற்றி மஞ்சள் இலைகள் கிடக்கும். முதல் தடவை பார்ப்பவர் என்ன செய்வார்? தண்ணீர் பத்தவில்லை போலிருக்கிறது என்று ஒரு சொம்பு ஊற்றுவார். மறுநாளும் ஒரு சொம்பு. நானும் அப்படித்தான் ஊற்றினேன். பொங்கல் கழிந்து தொட்டியை நகர்த்தலாம் என்று அடித்தண்டைப் பிடித்தபோது, பழுத்த பப்பாளியில் இறங்குவது போல என் பெருவிரல் உள்ளே போனது. கூடவே சாக்கடை நாற்றம்.

இலை கொட்டியபோது அந்தச் செடி சாகவில்லை, தூங்கப் போயிருந்தது. தூங்கிய செடியை எழுப்பி எழுப்பித் தண்ணீர் கொடுத்துக் கொன்றது நான். அதற்குப் பிறகு என் மாடியிலும், நண்பர்கள் வீட்டு மாடியிலும் எத்தனையோ அடேனியங்களைப் பார்த்துவிட்டேன். காய்ந்து செத்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் அழுகிச் செத்தவை. அதனால் இந்த வழிகாட்டியில் உரத்தைவிடத் தண்ணீரைப் பற்றியும், தண்ணீரை நிறுத்துவதைப் பற்றியும்தான் அதிகம் பேசப் போகிறேன்.

செடியின் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

நர்சரியில் சிலர் இதை ‘போன்சாய்’ என்று சொல்லி விற்பார்கள். போன்சாய் என்பது வளர்க்கும் முறை, செடியின் பெயர் அல்ல. இது அரளிக் குடும்பம். நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, கோயில்களில் நிற்கும் ஈழத்தலரி எல்லாம் இதன் பங்காளிகள். பீட்டர் ஃபோர்ஸ்கால் என்பவர், தாவரங்களுக்குப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவர். டென்மார்க் அரசர் அனுப்பிய குழுவோடு ஏமனுக்குப் போன அவர், 1763இல் அங்கேயே மலேரியாவில் இறந்துபோனார். அவருடைய குறிப்புகள் 1775இல் அச்சானபோது, இந்தச் செடி அதில் ‘நீரியம் ஒபீசம்’ என்ற பெயரில் இருந்தது. நீரியம் என்றால் அரளி, ஒபீசம் என்றால் பருத்தது. ஆக, குண்டு அரளி! 1819இல்தான் அடேனியம் என்று தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். ஏமனில் உள்ள ஏடன் துறைமுகத்தின் பெயர் அதற்குள் ஒளிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களும், அரேபியாவின் தென்பகுதியும் இதன் சொந்த ஊர். சில மாதம் மழை, பல மாதம் வறட்சி. மழைக்காலத்தில் குடித்ததை அடித்தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்துக்கொண்டு, வறண்டதும் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும். அந்தப் பருத்த அடிப்பாகத்தை நாம் ‘கிழங்கு’ என்கிறோம். உண்மையில் அது கிழங்கு அல்ல, வீங்கிய தண்டும் வேரும்தான். ஆனால் எல்லோரும் கிழங்கு என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

நம் ஊரில் வரும் சிக்கல் இது: வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் பகல் குறைந்து, இரவு குளிர்ந்து, செடி வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். அது குடிக்க மறுக்கும் நேரத்தில் வானம் ஊற்றும். சென்னை முதல் நாகப்பட்டினம் வரை கடற்கரையோரம் அடேனியம் வளர்ப்பவர்கள் இந்த இரண்டு மாதத்தைத் தாண்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதன் சாறு விஷம். அரளியில் இருப்பது போலவே இதயத்தைத் தாக்கும் பொருள்கள் இதிலும் உண்டு. ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவ இதன் சாற்றைப் பயன்படுத்தினார்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள். கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருந்தால் உயரத்தில் வையுங்கள். ஆடு வளர்க்கும் வீட்டில் வெட்டிய கிளையைத் தொழுவத்துப் பக்கம் போடாதீர்கள்.

வாங்கும்போது என்ன பார்ப்பது?

தை கடைசியிலிருந்து பங்குனிக்குள் வாங்குங்கள். முன்னால் முழு வெயில் காலமும் இருக்கும், தவறு செய்தாலும் செடி தாங்கும். மழைக்காலத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியவை என்னிடம் நிலைத்ததில்லை.

விதைச்செடி, ஒட்டுச்செடி என்று இரண்டு வகையில் கிடைக்கும். விதைச்செடியில் கிழங்கு அழகாகத் திரளும், ஆனால் பூவின் நிறம் பூத்த பிறகுதான் தெரியும். ஒட்டுச்செடி என்றால் அடியில் ஒன்று, மேலே விரும்பிய நிறம். அடுக்குப் பூ, கறுஞ்சிவப்பு, மஞ்சள் என்று கடைகளில் மயக்குபவை பெரும்பாலும் ஒட்டுதான். தாய்லாந்திலும் தைவானிலும் கலப்பினம் செய்து உருவாக்கிய ரகங்கள் அவை. முதல் செடி வாங்குபவருக்கு என் யோசனை: ஒற்றை அடுக்கில் ரோஸ் நிறமாகப் பூக்கும் சாதாரணச் செடி ஒன்று வாங்குங்கள். அடுக்குப் பூ பார்க்க அழகு, அதிக நாளும் நிற்கும். ஆனால் மழை பெய்தால் இதழ்களுக்கு நடுவே தண்ணீர் தேங்கிப் பழுப்பாகிவிடும்.

கடையில் நிற்கும்போது கிழங்கைச் சுற்றிலும், மண்ணை ஒட்டிய இடத்திலும் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பச்சை உருளைக்கிழங்கு மாதிரி கெட்டியாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ரப்பர் பந்து மாதிரி சுற்றிலும் ஒரே சீராக அமுங்கினால் தாகம், தண்ணீர் விட்டால் சரியாகிவிடும். ஒரே ஒரு இடம் மட்டும் அமுங்கி, அந்தத் தோல் கறுத்தோ பளபளப்பாகவோ இருந்தால் அழுகல். அதைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். இந்த வேறுபாட்டை விரல் பழகிக்கொள்ள வேண்டும். வீட்டிலும் அடிக்கடி உதவப் போவது இதுதான்.

இடம்

நேரடி வெயில் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும். பால்கனியில் 2 மணி நேரம்தான் வெயில் என்றால் செடி உயிரோடு இருக்கும், கிளை நீளும், பூக்காது. ‘நல்ல வெளிச்சம் இருக்கிறதே’ என்று வாதாடிப் பயனில்லை. மொட்டை மாடிதான் இதற்குச் சொர்க்கம். தொட்டியை நேரே தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். அடியில் காற்றோட்டம் இருக்கும், துளை அடைபடாது, கத்திரி வெயிலில் தளத்தின் சூடும் வேருக்கு ஏறாது.

நர்சரியில் பச்சை வலைக்குக் கீழே நின்ற செடியை வாங்கி வந்த அன்றே உச்சி வெயிலில் வைத்தால் கிழங்கின் தோல் வெந்து வெளுத்துவிடும். ஒரு வாரம் காலை வெயில் மட்டும், அப்புறம் முழு வெயில்.

தொட்டியும் மண்ணும்

இங்கே கொஞ்சம் மெனக்கெடுங்கள். மண் சரியாக அமைந்தால் மற்றதில் செய்யும் பாதித் தவறுகளைச் செடி மன்னித்துவிடும்.

சுடுமண் தொட்டி நல்லது, ஈரத்தைச் சுவர் வழியாகவே வெளியேற்றும். ஆழத்தைவிட அகலம் முக்கியம். கிழங்கின் அகலத்தைவிடச் சுற்றிலும் இரண்டு விரல் இடம் இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வைத்தால் சீக்கிரம் வளரும் என்று நினைப்போம். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கி, அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். அடியில் ஒரே துளை இருந்தால் ட்ரில் போட்டு நாலைந்தாக்குங்கள்.

மாடித் தோட்டக்காரர்களின் வழக்கமான கலவை செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம். கத்திரிக்காய்க்கும் தக்காளிக்கும் அது அருமை, அடேனியத்துக்கு எமன். தென்னை நார்க்கழிவு மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே நாலு நாள் ஈரமாக இருக்கும். நான் பயன்படுத்தும் கலவையை அளவோடு சொல்கிறேன். பங்கு என்பதை ஒரு டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

– உடைத்த செங்கல் துண்டு 2 பங்கு. கொண்டைக்கடலை அளவுக்கும் கடுகு அளவுக்கும் இடைப்பட்டது.
– கழுவிய கரடான மணல் 1 பங்கு.
– செம்மண் அரைப் பங்கு.
– நன்கு மக்கிய மண்புழு உரம் 1 பங்கு.
– அடுப்புக்கரித் துண்டு ஒரு கைப்பிடி, வேப்பம் புண்ணாக்குத் தூள் ஒரு கைப்பிடி, எலும்புத்தூள் அரைக் கைப்பிடி.

செங்கல்லைச் சுத்தியலால் உடைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளை எறிந்துவிட்டு மேலே நிற்பதை மட்டும் எடுங்கள். தூள் சேர்ந்தால் இடைவெளிகளை அடைத்துக் களிமண் மாதிரி இறுகிவிடும். ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் வாங்கினால், கழுவும் தண்ணீர் தெளிவாக வரும் வரை நாலைந்து முறை அலச வேண்டும். கொதிகலன் சாம்பலிலிருந்து சலித்தெடுக்கும் கரடான கட்டிகளை ‘சிண்டர்’ என்று விற்கிறார்கள். அது கிடைத்தால் செங்கல்லுக்குப் பதிலாகப் போடலாம். எடையும் குறையும்.

கலவை சரியா என்று பார்க்க, தொட்டியை நிரப்பி ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து எண்ணி முடிப்பதற்குள் அடியில் ஒழுகத் தொடங்க வேண்டும். மேலே குளம் மாதிரி நின்றால் இன்னும் ஒரு பங்கு செங்கல் சேருங்கள்.

நடவு

நாள் 1: செடியைப் பழைய தொட்டியிலிருந்து பக்குவமாகக் கழற்றி, வேரில் ஒட்டிய மண்ணை உதிர்த்து, குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். நர்சரிக் களிமண் ஒட்டிய வேரோடு அப்படியே புதுக் கலவையில் வைத்தால், சுற்றிலும் மண் காயும், நடுவில் அந்த உருண்டை மட்டும் ஈரமாகவே இருக்கும். கழுவியபின் கறுத்த, கூழான வேர்களைக் கத்தரித்துவிடுங்கள். மெல்லிய சல்லி வேர்களைப் பாதி குறைத்தாலும் பாதகமில்லை.

நாள் 1 முதல் 4 வரை: செடியை நிழலில், காற்றாடும் இடத்தில், மண்ணே இல்லாமல் சும்மா கிடத்துங்கள். எழுத்துப் பிழை இல்லை, சும்மாதான். வெட்டுக்காயம் உலர்ந்து தோல் மூட இந்த இடைவெளி வேண்டும். தாத்தா காலத்துத் தோட்டக்காரர் பார்த்தால் திட்டுவார். செடிக்கு ஒன்றும் ஆகாது, ஒரு வாரம்கூடத் தாங்கும்.

நாள் 5: உலர்ந்த கலவையில் நடுங்கள். வேர்களை ஆக்டோபஸ் கை மாதிரி விரித்து வைத்து, இடையில் கலவையைத் தள்ளி, தொட்டியை இரண்டு தட்டுத் தட்டுங்கள். முன்பு மண்ணுக்கு மேலே இருந்த பாகம் மேலேயே இருக்கட்டும். ஆட்டம் கண்டால் நூலால் தொட்டியோடு கட்டிவிடுங்கள், அசையும் செடி வேர் விடாது.

நாள் 10 அல்லது 12: முதல் தண்ணீர்.

தண்ணீர்

விரலை மண்ணில் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். செங்கல் கலவையில் விரல் இறங்காது. எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி ஒன்றைத் தொட்டியின் ஓரமாக அடி வரை செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சி கறுத்து, சில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது, அன்று தண்ணீர் கிடையாது. காய்ந்த குச்சியாக வந்தால் அடித் துளையில் ஒழுகும் வரை ஊற்றுங்கள். தினம் அரைக் குவளை தெளிப்பதைவிட, நன்றாக நனைத்து நன்றாகக் காயவிடுவதுதான் இதன் ஊர் வழக்கம். தொட்டிக்கடியில் தட்டு வைக்காதீர்கள்.

பழகிவிட்டால் குச்சியும் வேண்டாம், தொட்டியைத் தூக்கினாலே எடை சொல்லிவிடும்.

மாதவாரியாக என் மாடியில் நடப்பது இது. உங்கள் ஊரின் வெயிலுக்கும் தொட்டியின் அளவுக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

மாசியில் கிளை நுனிகளில் அரிசி அளவுக்குப் பச்சைத் துளிர் தெரியும். தூக்கம் கலைந்தது. அப்போது முதல் முழுத் தண்ணீர், அப்புறம் வாரம் ஒரு முறை. துளிர் தெரியும் முன்பே ‘மாசி வந்துவிட்டதே’ என்று காலண்டரைப் பார்த்து ஊற்ற வேண்டாம். பங்குனியில் நான்கு நாளுக்கு ஒரு முறை. சித்திரையிலும் வைகாசியிலும் நல்ல வெயிலில் நிற்கும் சிறிய தொட்டிகளுக்குத் தினமும் காலையில் தேவைப்படும், பெரியவற்றுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள். பாலைவனச் செடிதானே என்று இந்த நேரத்தில் காயப்போட்டால் மொட்டு கருகிக் கொட்டும். வளரும் காலத்தில் இது நன்றாகவே குடிக்கும். ஆனி முதல் ஆவணி வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை. இடையில் வரும் மாலை இடிமழை ஒன்றும் செய்யாது, மறுநாள் வெயிலில் காய்ந்துவிடும்.

புரட்டாசி பாதியிலிருந்து கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை போதும். ஐப்பசி பிறக்கும் முன்பே எல்லாத் தொட்டிகளையும் மழை படாத, ஆனால் வெளிச்சமும் காற்றும் இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். சன்ஷேடுக்குக் கீழே, பால்கனி ஓரம், எதுவும் இல்லாவிட்டால் மாடியிலேயே நாலு கம்பு நட்டு மேலே மட்டும் பாலித்தீன் ஷீட். பக்கங்களை மூடாதீர்கள், புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். நகர்த்த முடியாத பெரிய தொட்டி என்றால், ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சாய்த்துவிடுங்கள். ஊற்றும் மழை பாதி வழிந்து ஓடிவிடும். அடைமழை நாட்களில் தண்ணீர் ஊற்றும் வேலையே கிடையாது.

மார்கழியும் தையும் தூக்க காலம். இலை மொத்தமும் கொட்டிய செடிக்கு 15 நாளுக்கு ஒரு முறை அரைக் குவளை போதும். கிழங்கு லேசாகச் சுருங்கினால் பதறாதீர்கள், சேமிப்பை எடுத்துச் சாப்பிடுகிறது. எல்லாச் செடியும் மொட்டையாகாது. கடற்கரையோரக் கதகதப்பில் தாய்லாந்து ரகங்கள் பல, பாதி இலையோடே குளிரைத் தாண்டிவிடும். அதற்கு 10 நாளுக்கு ஒரு முறை கொடுங்கள். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற இடங்களில் இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் செடியை வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்து, தண்ணீரை அறவே நிறுத்திவிட வேண்டும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் பிழைக்காது.

உரம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூங்கும் செடிக்கு உரம் இல்லை. மாசியில் துளிர்த்ததும் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். பங்குனியிலிருந்து ஆவணி வரை 15 நாளுக்கு ஒரு முறை, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு 1 கிராம். மொட்டு தெரிந்ததும் அதற்குப் பதில் சாம்பல்சத்து அதிகமுள்ள 13:0:45, அதே அளவு. இயற்கை முறை மட்டும் என்பவர்கள் புளிக்கவைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீரைத் தெளிவாக வடித்து, பத்து மடங்கு நீர் சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் அதில் தழைச்சத்து அதிகம். மாதம் ஒரு தடவைக்கு மேல் போனால் இலை பெருக்கும், பூ குறையும்.

கவாத்து

அடேனியம் கிளை நுனியில்தான் பூக்கும். நுனி எத்தனையோ, பூங்கொத்து அத்தனை. மூன்று கிளையோடு முருங்கைக் குச்சி மாதிரி நீண்டு நிற்கும் செடி, உச்சியில் மூன்று கொத்துப் பூத்துவிட்டு நிற்கும். அதே செடியை மாசிக் கடைசியில் வெட்டிவிட்டால், ஒவ்வொரு வெட்டுக்கும் கீழே இரண்டு மூன்று துளிர் வரும், செடியும் கச்சிதமாக நிற்கும்.

வெட்டும் முன் மூன்று நாள் தண்ணீர் விடாதீர்கள், சாறு குறைவாக வடியும். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். கிழங்கிலிருந்து கிளை புறப்படும் இடத்திலிருந்து மூன்று நான்கு விரல் நீளம் விட்டு மேலே வெட்டுங்கள். இலை உதிர்ந்த தழும்புகள் கிளை முழுக்கப் புள்ளிகளாகத் தெரியும். அப்படி ஒரு தழும்புக்குச் சற்று மேலே, தண்ணீர் நிற்காமல் சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டு வாயில் சாறு முத்து முத்தாகத் திரளும். பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு மஞ்சள்தூளோ பூஞ்சாணக்கொல்லியோ தடவுங்கள். அடுத்த ஐந்து நாள் வெட்டில் தண்ணீர் படக்கூடாது.

எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வெட்டுங்கள். ஒன்றை மட்டும் பாவம் பார்த்து விட்டுவைத்தால், சத்தெல்லாம் அந்த ஒன்றுக்கே போகும். இரண்டு மூன்று வாரத்தில் துளிர், இரண்டு மாதத்தில் மொட்டு. மாசிக் கடைசியில் வெட்டினால் சித்திரை, வைகாசியில் மாடி சிவந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் கத்தரியைத் தொடாதீர்கள். ஐப்பசியில் வெட்டிய வாய் அழுகலுக்குத் திறந்துவிட்ட கதவு.

வெட்டிய கிளைகளை ஒரு வாரம் உலர்த்தி மணலில் நட்டால் வேர் பிடிக்கும், தாய்ச் செடியின் நிறமே பூக்கும். விதைச்செடியில் வரும் அந்த உருண்டைக் கிழங்கை மட்டும் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

வேரைத் தூக்குதல்

கண்காட்சிகளில் வேர்கள் மண்ணுக்கு மேலே பின்னிக் கிடக்கும் செடிகளைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு நாள் வேலை இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாசியில் மண் மாற்றும்போது, முன்பிருந்ததைவிட ஓர் அங்குலம் உயர்த்தி நட வேண்டும், அவ்வளவுதான். புதிதாக வெளியே வந்த வேரின் தோல் வெளிறி, மெல்லியதாக இருக்கும், வெயிலில் வெந்துவிடும். முதல் மூன்று வாரம் அதன்மேல் தேங்காய் நாரைப் பரப்பி நிழல் கொடுங்கள். தொட்டியில் வடக்கு எது என்று சாக்பீஸில் குறித்துக்கொண்டு, திரும்ப வைக்கும்போது அதே திசையில் வையுங்கள். வெயில் பழகிய பக்கமே வெயிலைப் பார்க்கட்டும்.

அழுகிவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் இது நடக்கும். வெளியே தெரியும் அறிகுறி: மழைக்காலத்தில் இலை மஞ்சளாகிச் சட்டென்று மொத்தமாகக் கொட்டும், கிழங்கில் ஓரிடம் மெத்தென்று ஆகும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

செடியைப் பிடுங்கிக் கழுவுங்கள். கூர்மையான கத்தியால் அழுகிய பகுதியைச் சீவுங்கள். முதலில் காப்பி நிறக் கூழ் வரும். அதற்கு உள்ளே மஞ்சள், அதற்கும் உள்ளே முற்றாத முள்ளங்கி மாதிரி வெள்ளைச் சதை. வெள்ளை வந்துவிட்டது என்று நிறுத்திவிடாமல் அதில் ஊசி முனை அளவில் பழுப்புப் புள்ளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு புள்ளி மிச்சமிருந்தாலும் திரும்ப வரும். ஒவ்வொரு சீவலுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயை நாமே உள்ளே தடவிவிடுவோம். என் செடி ஒன்றில் பாதிக் கிழங்கு போய், கடித்த ஆப்பிள் மாதிரி ஆகிவிட்டது. இப்போது அந்தக் குழிதான் அதற்கு அழகு, வருபவர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

சுத்தமானதும் கார்பன்டாசிம்–மான்கோசெப் கலந்த பூஞ்சாணக்கொல்லியைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, வெட்டுப் பகுதி எதிலும் படாமல் நிழலில் தொங்கவிடுங்கள். பத்து நாள், ஈரக்காற்று இருந்தால் இரண்டு வாரம். வெட்டு, மரப்பட்டை மாதிரி இறுகிக் காய வேண்டும். பிறகு மண்புழு உரம் சேர்க்காத வெறும் செங்கல்–மணல் கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர். மற்றத் தொட்டிகளுக்கு முன்னெச்சரிக்கையாக, அதே மருந்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து புரட்டாசிக் கடைசியில் ஒரு முறை வேரில் ஊற்றலாம்.

பூச்சிகள்

மாவுப்பூச்சி இலைக்காம்பின் இடுக்கிலும் மொட்டிலும் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும். கொஞ்சமாக இருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தாலே போதும். அதிகமானால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், மாலை நேரத்தில். காலையில் அடித்துவிட்டு வெயிலில் விட்டால் இலை கருகும். எறும்பு வரிசை தெரிந்தால் மாவுப்பூச்சி எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம்.

சித்திரை வெயிலில் இலை மங்கி, ஊசியால் குத்தியது போல் வெளிர்ப் புள்ளிகள் விழுந்தால் சிவப்புச் சிலந்தி. இலையின் அடிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவுங்கள், மூன்று நாளுக்கு ஒரு முறை. பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும்.

ஒரே இரவில் இலைகள் காணாமல் போனால் எலி, பூனை என்று சந்தேகப்படாதீர்கள். அரளிப் பருந்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். விரல் பருமனில் பச்சையாக, வாலில் சிறு கொம்போடு, தலைக்கருகே கண் மாதிரி இரண்டு நீலப் புள்ளிகளோடு பயமுறுத்தும். கடிக்காது. கீழே கறுப்பு மிளகு மாதிரி எச்சம் கிடந்தால் அதற்கு நேர் மேலே தேடுங்கள். நான் அதைக் கொல்வதில்லை, பக்கத்தில் நிற்கும் நந்தியாவட்டைக்கு இடம் மாற்றிவிடுவேன். நந்தியாவட்டை என்ன பாவம் செய்தது என்று வீட்டில் கேட்கிறார்கள்.

விதையும் ஒட்டும்

செடிக்கு இரண்டு வயதாகும்போது சில சமயம் ஆட்டுக்கொம்பு மாதிரி ஜோடியாகக் காய் தொங்கும். பூவின் அமைப்பு அப்படி, மகரந்தம் உள்ளே கூம்புக்குள் ஒளிந்திருக்கும், தானாகக் காய் பிடிப்பது அபூர்வம். அதனால் கண்டதும் இரண்டு மூன்று இடத்தில் நூலால் சுற்றிக் கட்டிவிடுங்கள். முற்றிய காய் வெயிலில் ‘பட்’டென்று பிளக்கும். ஒவ்வொரு விதையின் இரண்டு முனையிலும் பட்டுக் குஞ்சம் உண்டு, ஒரு காற்றுக்கு அத்தனையும் பறந்துவிடும். முதல் காயை நான் கட்ட மறந்து, மாலையில் வந்து பார்த்தபோது வெறும் ஓடு தொங்கியது.

விதையை உடனே விதைக்க வேண்டும், பழசானால் முளைப்பு குறையும். குஞ்சத்தைக் கிள்ளிவிட்டு, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மணலும் மண்புழு உரமும் சம அளவில் கலந்த தட்டில் படுக்கவைத்து மெல்லிய மணல் மூடுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். தலை நிமிரும்போதே சின்னத் தொப்பை தெரியும். இந்தப் பருவத்தில் மட்டும் மண் முழுக்கக் காயக்கூடாது. நான்கு இலை வந்ததும் தனித்தனிக் கப்புக்கு மாற்றுங்கள். ஒரு வருடத்தில், சில சமயம் ஒன்றரையில், முதல் பூ.

அந்தப் பூ தாய்ச் செடியின் நிறமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிடிக்காவிட்டால் ஒட்டு கட்டலாம். பங்குனியில், பென்சில் பருமனில் உள்ள கிளையை நேராக வெட்டி, நடுவில் அரை அங்குலம் பிளந்து, பிடித்த நிறச் செடியிலிருந்து அதே பருமனில் இரண்டு அங்குலக் குச்சியை இலை நீக்கி, அடியை ஆப்பு மாதிரி சீவிச் செருகுங்கள். இரண்டின் தோலும் ஒரு பக்கமாவது ஒட்டி நிற்க வேண்டும். பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்றி, மேலே குச்சி ஐஸ் நுழையும் அளவுள்ள சின்னப் பாலித்தீன் பையைக் கவிழ்த்துக் கட்டி, நிழலில் இரண்டு வாரம். துளிர் பையை முட்டும்போது பையை எடுக்கலாம், நாடா இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும். அதுவரை ஒட்டுக்குக் கீழே எட்டிப் பார்க்கும் துளிர்களை வாரம் ஒரு முறை விரலாலேயே கிள்ளிவிடுங்கள். அவை பழைய செடியின் பிள்ளைகள், விட்டால் புதிதாக வந்ததை வளரவே விடாது.